உப்புத் தண்ணி வீட்டுக்கு மழை ஷவர் ஆகுமா?

கேள்வி:

காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். 1986-இல் மாமனார் கட்டிய வீடு. பொடக்காளியை ஒட்டி 6 அடிக்கு 8 அடியில் பாத்ரூம். காவி போட்ட சிமெண்டுத் தரை, மூலையில் நாலுக்கு மூன்றடியில், இரண்டரை அடி ஆழத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி, வெளியே வெந்நீர் அடுப்பு. கக்கூஸ் தனியாகத் தள்ளி இருக்கிறது; செப்டிக் டேங்கும் அந்தப் பக்கம்தான், 40 அடி தள்ளி. மாமியாருக்கு 76 வயது, முழங்கால் வலி. ராத்திரியில் அவரை வெளியே கூட்டிப் போவது சிரமம் என்பதால் எல்லாவற்றையும் உள்ளேயே கொண்டுவந்து பாத்ரூமைப் புதுசாக்க நினைக்கிறோம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம், ஒறம்பரை வருவார்கள். 2 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். கோவையில் ஒரு ஷோரூமில் கருஞ்சாம்பல் டைல்ஸ், கறுப்புக் குழாய்கள், கூரையிலிருந்து கொட்டும் மழை ஷவர், கண்ணாடித் தடுப்பு, சுவரில் தொங்கும் கம்மோடு என்று 3 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மாமியாரோ, "தொட்டிய ஒடச்சீங்கன்னா நான் தண்ணியே வாத்துக்க மாட்டேன்" என்கிறார். எங்களுக்கு போர் தண்ணீர்தான், நல்ல உப்பு. என்ன செய்யலாம்?

— ஒரு வாசகி, காங்கேயம் வட்டம்

பதில்:

வணக்கம்ங்க. நீங்கள் அனுப்பிய நான்கு படங்களில் கடைசிப் படத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு மேலே இருக்கிற குழாய். அதன் வாயைச் சுற்றி வெள்ளையாக ஏடு கட்டி, தண்ணீர் நேராக விழாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றி வைத்திருக்கிறீர்கள். உப்பு இறுகி, வெறுங்கையால் திருக முடியவில்லை போலிருக்கிறது. இந்தப் படத்தை ஷோரூமில் காட்டினீர்களா? காட்டியிருந்தால் அந்தப் பட்டியலில் பாதி வந்திருக்காது.

அந்தப் பட்டியலில் தனித்தனியாக எந்தப் பொருளும் மட்டமில்லை. சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவில் ஒரு வீட்டுக்கு அதையே நானும் போட்டுக் கொடுப்பேன். அது பாறையில் ஊறிக் கிடக்காத மலைத் தண்ணீர். குழாயில் கறையே பிடிக்காது. உங்கள் தண்ணீர் பல நூறு அடிக்குக் கீழே கல்லிடுக்கில் கிடந்து, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அது காய்கிற இடத்தில் எல்லாம் வெள்ளை விட்டுவிட்டுப் போகும். ஆகவே நிறம், குழாய், ஷவர், கண்ணாடி எல்லாவற்றையும் முதலில் உங்கள் போர் தண்ணீரிடம் கேட்க வேண்டும், அடுத்தது உங்கள் மாமியாரின் முழங்காலிடம். மகளின் ஆசைக்கு அதற்கப்புறமும் இடம் இருக்கிறது, நிறையவே.

முதல் வேலையாக ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வுக்கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் பார்த்துச் சொல்வார்கள். கேட்டு வாங்க வேண்டியது இரண்டு எண்கள்: மொத்தக் கரைபொருள், அதாவது டி.டி.எஸ், இன்னொன்று மொத்தக் கடினத்தன்மை. கடையில் விற்கிற பேனா மாதிரியான மீட்டர் முதலாவதை மட்டும்தான் காட்டும். குழாயை அடைப்பது இரண்டாவது. குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. வேறு வழி இல்லாத ஊருக்கு 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. குளிக்கிற தண்ணீருக்கு அந்த வரம்பு பொருந்தாது என்றாலும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரியும். 600-ஐத் தாண்டினால் நான் கீழே எழுதுவதில் ஒன்றையும் தள்ளாதீர்கள். 300-க்குள் வந்தால் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

இனி மழை ஷவர். மகளுக்குப் பிடித்தது என்பதால் இதை மட்டும் விரிவாகவே சொல்கிறேன்.

உப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கு முன்னால் அழுத்தம் இருக்கிறது. மொட்டை மாடியில் இரண்டடி மேடையில் உங்கள் டேங்க் இருப்பது படத்தில் தெரிகிறது. தரையிலிருந்து டேங்கின் அடி ஏறக்குறைய பன்னிரண்டரை அடி. ஷவர் ஏழடிக்குச் சற்றுக் கீழே வரும். இடையில் ஆறடி உயரத் தண்ணீர்தான் தள்ளுகிறது. தண்ணீர் அழுத்தத்தைப் 'பார்' என்ற அளவில் சொல்வார்கள்; பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. உங்களுக்குக் கிடைப்பது 0.2 பாருக்கும் கீழே. பெரிய தட்டு ஷவர்கள் ஒழுங்காகக் கொட்ட ஒரு பார் அளவுக்காவது எதிர்பார்க்கும். உங்கள் வீட்டில் அது மழையாக விழாது, மழை விட்ட பிறகு ஓட்டுக்கூரையில் சொட்டுமே, அப்படித்தான் விழும். அந்தச் சொட்டும் ஆறே மாதத்தில் பாதி ஓட்டையில் நின்றுவிடும். மீதி ஓட்டைகள் கண்ட பக்கம் பீய்ச்சும்.

பிரஷர் பம்ப் வைத்தால் தீரும் என்று பிளம்பர் சொல்வார். தீரும்தான். ஆனால் கரண்டு போனால் ஷவர் இல்லை, அந்த அழுத்தத்தைத் தாங்குகிற கீசராகவும் பார்க்க வேண்டும், 1986-இல் போட்ட இரும்புக் குழாய் எங்காவது மிச்சமிருந்தால் மூட்டு விட்டு ஒழுகும். தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிட சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டர் வால்வும் அப்படித்தான்; உப்பு பிடித்தால் டைல்ஸை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு நான் சுவருக்குள் எந்த வால்வையும் புதைக்க மாட்டேன். எல்லாம் வெளியே, ஸ்பானர் போகிற மாதிரி.

அதற்குப் பதில் செங்குத்துக் கம்பியில் மேலும் கீழும் நகரும் கை ஷவர் ஒன்று. நின்றுகொண்டு குளிக்கிறவர் மேலே மாட்டிக்கொள்ளலாம், உட்கார்ந்து குளிக்கிறவர் கையில் பிடித்துக்கொள்ளலாம். வாங்கும்போது முகத்தைத் தடவிப் பாருங்கள். துளைகள் பிளாஸ்டிக்கில் வெறும் ஓட்டையாக இல்லாமல், மெத்தென்ற ரப்பர் முனைகளாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை விரலால் நெருடினால் உப்பு உதிர்ந்துவிடும். குறைந்த அழுத்தத்துக்கு என்றே கேட்டு வாங்குங்கள். டேங்கிலிருந்து இறங்கும் குழாயை ஒரு அங்குலத்தில் கொண்டுவந்து, பாத்ரூமுக்குள் முக்கால் அங்குலமாக்கி, குழாய் முனையில் மட்டும் அரை அங்குலமாக்கினால் அந்த 0.2 பாரிலும் குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் வரும். டேங்க் மேடையை இன்னும் நாலடி உயர்த்த முடிந்தால் பம்பே வேண்டாம்.

கறுப்பு மேட் குழாய்கள் வேண்டாம். ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வளையமாகத் தெரியும்; அதைப் போக்க யாராவது ஆசிட் ஊற்றுவார்கள்; மேலே உள்ள பூச்சு உரியும். பளபளக்கும் குரோம் பூச்சு, உள்ளே கனமான பித்தளை, இதுதான் உப்புத் தண்ணீர் ஊருக்கு. கையில் எடுத்தால் கனக்க வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை.

முழுக் கண்ணாடித் தடுப்பும் வேண்டாம். தினமும் குளித்துவிட்டு வைப்பரால் வழித்துவிடுகிற வீட்டில் மட்டும் அது கண்ணாடியாக இருக்கும், மற்ற வீட்டில் சுண்ணாம்பு அடித்த பலகையாகிவிடும். குளிக்கிற இடத்தைப் பிரிக்க மூன்றரை அடி உயரத்துக்கு நாலரை அங்குலக் கட்டைச் சுவர் ஒன்று எழுப்பி, இரண்டு பக்கமும் டைல்ஸ் ஒட்டி, மேலே ஒரே துண்டாகக் கிரானைட் வைத்துவிடுங்கள். மாமியாருக்கு ஊன்றிக்கொள்ளவும் ஆகும். பார்க்கவும் இன்றைய வடிவம்தான்; மகளிடம் இதை நான் தைரியமாகக் காட்டுவேன். கண்ணாடியே வேண்டும் என்றால் சுவருக்கு மேலே ஒன்றரை அடிக்கு வரி வரியாக நெளிந்த கண்ணாடி வைக்கலாம். கறை அதில் அவ்வளவாகத் தெரியாது. டஃபன் செய்த, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியா, 8 மில்லிமீட்டர் கனமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கருஞ்சாம்பலில் உப்பு தெரியும், சுத்த வெள்ளையில் உங்கள் தோட்டத்துச் செம்மண் தெரியும். மணல் நிறம், வெளிர் சாம்பல், ஓட்ஸ் மாதிரியான நிறங்கள் இரண்டையும் மறைக்கும். சுவருக்குப் பெரிய பலகைகள் போடலாம். இரண்டுக்கு நாலடி டைல்ஸ் என்றால் இணைப்புக் கோடுகள் குறைவு, கோடு குறைந்தால் கறை குறைவு. தரைக்கு மட்டும் ஒரு அடிக்கு ஒரு அடி, மேட், அதுவும் ஆர்-11 என்று வழுக்காத தரம் போட்டது. பெரிய பலகையைத் தரையில் போட்டால் நான்கு பக்கமிருந்தும் வடிகாலுக்குச் சரிவு கொடுக்க முடியாது. கொத்தனார் நடுவில் வெட்டுவார், அசிங்கமாகத் தெரியும். கோடுகளுக்கு வெள்ளை சிமெண்டு போடவே வேண்டாம், எபாக்ஸி கிரவுட் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரவுட் உப்பை உறிஞ்சி ஒரு வருடத்தில் பொரிந்துவிடும். விட்ரிஃபைட் பலகைகள் தண்ணீரையே குடிக்காதவை, வெறும் சிமெண்டுப் பாலில் அவை பிடிக்காது. டைல்ஸ் பசை வேண்டும். கொத்தனார், "நாங்க முப்பது வருசமா சிமெண்டுலதானுங்க ஒட்டறோம்" என்பார். அந்தக் காலத்துச் செராமிக் டைல்ஸ் வேறு என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து தொட்டி. மாமியார் பக்கம்தான் நான் நிற்கிறேன், பாதி தூரம் வரைக்கும்.

மொண்டு ஊற்றிக் குளித்தே பழகிய உடம்புக்கு ஷவர் குளித்த மாதிரியே இருக்காது. அதோடு கரண்டு இல்லாத நேரத்திலும், டேங்க் காலியான நேரத்திலும் தொட்டித் தண்ணீர்தான் கைகொடுக்கும். ஆனால் நீங்கள் எழுதிய அளவை வைத்துப் பார்த்தால், நாலுக்கு மூன்றடி, இரண்டரை அடி ஆழம், அதில் 850 லிட்டர் நிற்கிறது. அதை யாரும் வாரத்துக்கு ஒரு தடவை இறைத்துத் தேய்த்துக் கழுவ மாட்டார்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மாமியாரும் குனிந்துதான் மொள்ள வேண்டியிருக்கிறது. முழங்காலுக்கும் இடுப்புக்கும் அது ஆகாது.

ஆகவே தொட்டியை எடுத்துவிட்டுத் தொட்டியையே வையுங்கள், சின்னதாக. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், 14 அங்குல ஆழம். ஏறக்குறைய 100 லிட்டர் பிடிக்கும். அதன் அடிப்பாகம் தரையிலிருந்து 10 அங்குலம் உயரத்தில் இருக்கட்டும், விளிம்பு இரண்டடி உயரத்துக்கு வரும். பக்கத்தில் 17 அங்குல உயரத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி உட்காரும் திட்டு, மேலே சொரசொரப்பான கிரானைட், முனைகள் உருட்டியது. அதில் உட்கார்ந்தால் தொட்டி விளிம்பு முழங்கை அளவில் இருக்கும், குனியாமல் கையை நீட்டினாலே மொண்டுகொள்ளலாம். தொட்டியின் அடியில் ஒன்றரை அங்குலத் துளையும் மூடியும் கண்டிப்பாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடிந்ததும் மூடியைப் பிடுங்கிவிட்டு, அன்றைக்கே தேய்த்துக் கழுவி நிரப்பிக்கொள்ளலாம்.

எண்ணெய்க் குளியல் என்றதும் இன்னொன்று. உங்கள் வீட்டில் அரப்புப் போடுவார்களா? போடுவார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். எண்ணெயும் அரப்பும் தலைமுடியும் சேர்ந்தால் ஷோரூமில் காட்டும் நீளமான வரி வடிகால் ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். ஆறங்குலச் சதுர வடிகால், கையால் தூக்கி எடுக்கிற சல்லடையும் அதற்குக் கீழே கிண்ணமும் உள்ளதாக வாங்குங்கள். கீழே நானி ட்ராப் கண்டிப்பாக வேண்டும், அதில் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. எண்ணெய் விழுந்த தரைக்காகத்தான் ஆர்-11 கேட்டேன்.

பிடிமானக் கம்பிகள் மூன்று: திட்டுக்குப் பக்கச் சுவரில் ஒன்று, கம்மோடு பக்கத்தில் ஒன்று, கதவைத் தாண்டியதும் ஒன்று. தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலத்துக்குள். துண்டு மாட்டும் கம்பியைக் காட்டி "இதையே பிடிச்சுக்கலாங்க" என்று விற்பார்கள். அது ஆள் கனத்தைத் தாங்காது. உங்கள் சுவர் 9 அங்குலச் செங்கல், நன்றாகப் பிடிக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் திறக்கிற கதவை யாராலும் தள்ள முடியாது. வாசற்படியில் மேடு வேண்டாம். வெளித்தரையைவிட உள்ளே அரை அங்குலம் தாழ்வாக இருந்தால் போதும்.

கம்மோடுக்கு வருகிறேன். சுவரில் தொங்குவது பார்க்க அழகு, கீழே கூட்டவும் சுலபம். ஆனால் அதன் தொட்டி சுவருக்குள் இருக்கும், உள்ளே இருக்கும் வால்வு உப்பு பிடித்தால் பட்டன் தகட்டைக் கழற்றி அந்த சந்துக்குள் கைவிட்டு வேலை பார்க்க வேண்டும். காங்கேயத்தில் அதற்கு ஆள் தேடிப் பாருங்கள். தரையில் நிற்கிற, வெளியே தொட்டி உள்ளதே போதும். உட்காரும் உயரம் 17 அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்வாக இருந்தால் எழும்போது முழங்கால் பிடித்துக்கொள்ளும். வாங்குவதற்கு முன்னால் சுவரிலிருந்து கழிவுத் துளையின் நடு வரைக்கும் அளந்து எழுதிக் கொண்டு போங்கள், அந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும். டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவர் உள்ளே வந்துவிடும், அதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

கழிவு லைன்தான் இந்த வேலையிலேயே கவனமாகப் பார்க்க வேண்டியது. செப்டிக் டேங்க் பழைய கக்கூஸ் பக்கம் 40 அடி தள்ளி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாலங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு இரண்டங்குலம் இறக்கம் என்றால், 40 அடிக்கு 8 அங்குலம். பாத்ரூமில் குழாய் கிளம்புகிற மட்டத்தையும் டேங்கில் நுழைகிற மட்டத்தையும் கொத்தனார் டியூப் லெவல் பிடித்துக் காட்டிய பிறகுதான் நீங்கள் கம்மோடு வாங்கவே கடைக்குப் போக வேண்டும். அந்த 8 அங்குலம் கிடைக்கவில்லை என்றால் பாத்ரூம் தரையைக் கொஞ்சம் உயர்த்தலாம். அப்படி உயர்த்தினால் படி வந்துவிடும், மாமியாருக்கு அது ஆகாது. புதிதாகச் சின்ன டேங்க் பக்கத்திலேயே கட்டுவது அப்போது நல்லது, போர் குழியிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. வளைவு வருகிற இடத்தில் எல்லாம் மூடியைத் திறந்து அடைப்பு எடுக்க ஒரு சேம்பர் வைக்கச் சொல்லுங்கள். குளிக்கிற தண்ணீரை இந்த லைனில் சேர்க்கவே கூடாது. இப்போது அது சலதாரை வழியாக வாழைக்குப் போகிறது இல்லையா, அப்படியே போகட்டும்.

அந்த வாழைக்காகவே ஒரு எச்சரிக்கை. உப்புக்கு சாஃப்ட்னர் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடும். குழாய்க்கு நல்லது, டி.டி.எஸ் குறையாது. ஆனால் அதைக் கழுவ அடிக்கடி கல்லுப்புக் கரைசல் ஓடவிட வேண்டும். அந்தத் தண்ணீரும், சாஃப்ட்னர் வழி வந்த தண்ணீரும் மண்ணுக்குக் கெடுதல். செடிக்குப் போகாமல் தனியாக வடித்துவிட இடம் இருந்தால், கீசருக்குப் போகிற குழாயில் மட்டும் சின்னதாக ஒன்று வைக்கலாம். வீடு முழுக்க வேண்டாம். குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டினால் உப்பு போய்விடும் என்று யாராவது வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வெந்நீருக்கு, கீசர் என்றால் 25 லிட்டர், உள்ளே கண்ணாடிப் பூச்சுப் பூசிய தொட்டி, மெக்னீசியக் கம்பி உள்ளது. அந்தக் கம்பி தன்னைக் கரைத்துக்கொண்டு தொட்டியைக் காப்பாற்றும், வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். சூட்டை 50, 55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏற ஏறத்தான் உப்பு வேகமாகப் படியும். சோலார் வைக்கிற எண்ணம் இருந்தால் உங்கள் ஊர் வெயிலுக்கு அருமையாக வேலை செய்யும், ஆனால் கண்ணாடிக் குழல் உள்ள வகைதான். தட்டையான தகடு வகையில் தண்ணீர் மெல்லிய செம்புக் குழாய்களுக்குள் ஓடும், உங்கள் தண்ணீர் அதை அடைத்துவிடும். கேஸ் கீசரை பாத்ரூமுக்குள் மட்டும் மாட்டாதீர்கள். மூடின அறையில் அது விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, ஆள் போயிருக்கிறது. வெளியே இருக்கிற வெந்நீர் அடுப்பை இடிக்காதீர்கள். கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரை நாற்பது பேர் விடியற்காலையில் குளிக்கும்போது 25 லிட்டர் கீசர் என்ன செய்யும்? தென்னமட்டைதான் அன்றைக்குக் கைகொடுக்கும்.

மின்சாரம் சுருக்கமாக: கீசருக்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், கரண்டு கசிந்தால் தானே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி, சரியான எர்த். சுவிட்சு பாத்ரூமுக்கு வெளியே. மேலே இருக்கும் ஜாலியில் ஆறங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். ராத்திரி எரிகிற ஒரு சின்ன விளக்கு முழங்கால் உயரத்தில்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் சோப்பு, சீயக்காய் டப்பா வைத்திருக்கும் மாடம் தெரிகிறது. அதை அடைத்துவிடாதீர்கள். ஷோரூமில் இன்றைக்கு 'நிச்' என்று பேர் வைத்துத் தனிக் காசு கேட்பது இதைத்தான். அடித்தட்டை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து, உள்ளே சுவர் நிறத்துக்குக் கொஞ்சம் அடர்த்தியான டைல்ஸை ஒட்டி, மேலே ஒரு விளக்கு வைத்தால் மகள் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்புவாள்.

தரைக்கு அடியில் செய்கிற வேலையை நான் கடைசியில் எழுதினாலும் பணத்தில் அதுதான் முதல். 2 லட்சத்தில் பாதிக்கு மேல் உடைப்பு, கழிவு லைன், குழாய், நீர்த்தடுப்பு, கூலி ஆகியவற்றுக்கே போய்விடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் குழாயைக் கழற்றினால் வெட்டின வாயைப் பாருங்கள். உள்ளே உப்பு படிந்து எவ்வளவு வழி மிச்சமிருக்கிறது என்பது தெரியும். சூடு, குளிர் இரண்டுக்கும் சி.பி.வி.சி குழாய். வெள்ளை யு.பி.வி.சி குழாயை வெந்நீர் லைனுக்குப் போட விடாதீர்கள். தரையும் சுவரும் சேர்கிற மூலையை உருட்டிப் பூசி, பாலிமர் கலந்த நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட்டு, தரை முழுக்கவும் சுவரில் ஓரடி உயரத்துக்கும்; குளிக்கிற பக்கம் ஆறடிக்கும். கலவைக்கும் பூச்சுக்கும் போர் தண்ணீரைத் தொடவே கூடாது. உப்புத் தண்ணீரில் பூசின சுவர்தான் பின்னால் பூத்துப் பொரிந்து விழுகிறது. ஊர்க்குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தால் அந்த நாளில் டிரம்மில் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு டேங்கர் நல்ல தண்ணீர் வாங்குங்கள்.

பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்கள். கோட்டுக்குக் கீழே அரைக்கால் அங்குலம் இறங்கினால் அது காற்றில் போனது. அதற்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. ஆட்கள் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டுமே என்று முகம் சுளிப்பார்கள். இரண்டு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு குவளைத் தண்ணீரைக் கதவோரம் ஊற்றிப் பாருங்கள். நேராக வடிகாலுக்கு ஓட வேண்டும், கம்மோடு காலடியில் தேங்கக் கூடாது. ஐந்தடிக்கு முக்கால் அங்குலம் சரிவு இருந்தால் ஓடும். தேங்கினால் மீதிப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னால் சொல்லுங்கள், கொடுத்த பிறகு யாரும் வர மாட்டார்கள்.

இந்தத் தரையில் ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள். குரோமும் போகும், கிரவுட்டும் போகும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் அரை மணி நேரம் சுற்றி வைத்துத் துடைத்தால் ஏடு கரைந்து வரும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், வேலைக்கு வருகிற அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

வேலை முழுசாக முடிய ஒரு மாதம் ஆகும். கழிவு லைனுக்கு மண் வெட்டுவதை ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். குழியில் தண்ணீர் நின்றால் லெவல் பிடிக்க முடியாது. மார்கழிக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சாஸ்திரத்துக்காகச் சொல்லவில்லை, அந்தக் குளிரில் பாத்ரூம் இல்லாமல் மாமியாரை எங்கே தண்ணி வாக்கச் சொல்வீர்கள்? குழாய்கள் எல்லாம் பதித்து முடித்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால், நான்கு சுவரையும் பக்கத்தில் டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிமானக் கம்பிக்குத் துளை போட வருகிறவர் குழாயிலேயே டிரில் விடாமல் இருக்க அந்தப் படம் வேண்டும்.

தண்ணீர்ச் சோதனை முடிவு வந்ததும் அந்த இரண்டு எண்களை எழுதி அனுப்புங்கள். கீசருக்குச் சாஃப்ட்னர் வேண்டுமா வேண்டாமா என்று அப்போது சொல்லிவிடுகிறேன்.